கீழே தெரியும் கோட்டை

வேலூர் சைதாப்பேட்டையில் தெருக்கள் மலையடிவாரத்தோடு நின்றுவிடுவதில்லை. சந்து படிக்கட்டாகிறது, படிக்கட்டு பாறையாகிறது, பாறையின் மேலும் வீடு. குடிநீர்க் குழாய்கள் பாறையை ஒட்டி வளைந்து வளைந்து மேலே போகின்றன. தெளித்துக் கோலம்போட மண் இல்லாத வாசலில், பாறையின்மேலேயே சுண்ணாம்புக் கட்டியால் இழைத்திருக்கிறார்கள். தண்ணீர் வரும் நாள் போலிருக்கிறது. படிக்கு ஒன்றாகக் குடங்கள் வரிசையில் நிற்கின்றன, ஆட்களைக் காணோம். மலையேறுகிறவர்கள் குடங்களுக்கு நடுவே கால் வைத்துத்தான் போகவேண்டும். ஒருவரும் இடிப்பதில்லை.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குப் பனி இன்னும் விலகவில்லை. கடைசி வீட்டையும் அதை ஒட்டிய ஆட்டுப்பட்டியையும் தாண்டினால் முள்ளும் பாறையும்தான். அதன் நடுவே ஆள் நடந்து நடந்து தேய்ந்த தடம். ஒரு பக்கம் ஏறி, இடிந்த மதிலோரமாக நடந்து, மறுசரிவில் இறங்கினால் ஒரு சுற்று. காலைப் பலகாரத்துக்கு வீடு திரும்பிவிடலாம்.

முன்னால் போகும் இரண்டு பையன்கள் செல்போனில் பாட்டை அலறவிட்டபடி ஏறுகிறார்கள். முதல் திருப்பத்திலேயே மூச்சு வாங்குகிறது. பாட்டு நிற்கிறது. அவர்களைக் கடந்து, கையில் ஒரு சிமெண்டுச் சாக்கோடு, வெறுங்காலோடு ஒரு பெண்மணி போகிறார். ஆடுகள் அவருக்கு முன்னாலேயே மேலே போய்விட்டன. நாலடிக்கு ஒருதரம் குனிந்து எதையோ பொறுக்கிச் சாக்கில் போடுகிறார். விறகு என்று நினைத்தேன். கிட்டே போனபோது சத்தம் கேட்டது. பாட்டில் சில்லு.

"ஆட்டுக்காலு கிழியுது," என்றார், யாரையும் பார்க்காமல். பையன்களுக்குச் சொன்னதோ பாறைக்குச் சொன்னதோ தெரியாது. பையன்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

மேலே முதல் மதில். சுண்ணாம்புக் காரை உதிர்ந்து கல் மட்டும் பல்லைக் காட்டுகிறது. அங்கே நின்று மேற்கே திரும்பினால் கோட்டை மொத்தமாகக் கண்ணில் விழுகிறது. கிழக்கிலிருந்து வரும் வெயில் நம் முதுகைக் கடந்து நேரே அதன்மேல் படுகிறது. அதனால் அதைப் பார்க்கக் காலைதான் சரியான வேளை.

கீழே அகழிக்கரையில் நின்று பார்க்கிறவனுக்குக் கோட்டை என்றால் உயரம்: கருங்கல், அகழித் தண்ணீர், வட்டக் கொத்தளம். 133 ஏக்கர் என்று எழுதிவைத்த அறிவிப்பு. மேலிருந்து பார்க்கிறவனுக்கு அதெல்லாம் படத்தில் போட்ட கோடு. ஜலகண்டேசுவரர் கோயில் கோபுரம், தேவாலயம், மரங்கள், மைதானம், நடுவே ஓடும் பாதை, அந்தப் பாதையில் காலாற நடக்கும் மனிதர்கள் என்று உள்ளே இருப்பது அத்தனையும் தெரிகிறது. இன்றைக்கு அது அழகான காட்சி. பீரங்கிக் காலத்தில் அதுவே கோட்டையின் நோய்.

அந்த நோயை முதலில் சரியாகக் கண்டுகொண்டவர்கள் மராட்டியர்கள். பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்ட சின்ன பொம்மி நாயக்கரோடு சேர்த்துப் பேசப்படும் கோட்டை இது. பிறகு ஆரவீடு வம்சத்து அரசர்களுக்குத் தலைநகராகி, பிறகு பிஜாப்பூர் கைக்குப் போனது. 1677-இல் தெற்கே வந்த சிவாஜி இதைப் பார்த்தார். அகழியில் பத்தாயிரம் முதலைகள் என்று மராட்டிய வரலாறு மலைத்துப்போய் எழுதிவைத்திருக்கிறது. எண்ணியவன் யாரோ, பாவம். சிவாஜி முதலையோடு மல்லுக்கட்டவில்லை. பக்கத்து மலைகளைப் பிடித்து அரண் கட்டச் செய்து, சாஜரா, கோஜரா என்று பெயர் வைத்தார். முற்றுகை 14 மாதம் நீடித்தது. 1678-இல் கோட்டை பணிந்தது. ஊர் வாயில் சாஜரா சஜ்ஜாராவ் ஆனது, கோஜரா குஜ்ஜாராவ் ஆனது. மூன்றாவது மலைக்கு முர்தசா என்று பெயர். காலையில் நடக்க வருகிறவர்களிடம் எந்த மலை எது என்று கேட்டால் ஆளுக்கொரு திசையில் கை காட்டுவார்கள். அவர்களுக்கு எல்லாமே 'மலை'தான்.

நூறாண்டு கழித்து இதே பாடத்தை ஹைதர் அலியும் படித்தார். 1780-இல் தொடங்கிய போரில் ஆங்கிலேயர் வசமிருந்த வேலூரைச் சூழ்ந்துகொண்ட அவருடைய படை, கீழ்க்கோட்டையை விட்டுவிட்டு முதலில் கைவைத்தது மலையில்தான். மேலேயிருந்தவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. இரவில் ஏறி வந்தவர்களைத் திருப்பி உருட்டினார்கள். மலை விழாததால் கோட்டை விழவில்லை. அதன்பிறகு வந்தது பட்டினி. 1781-82இல் ஐர் கூட் என்ற தளபதி மறுபடி மறுபடி அரிசி மூட்டைகளை ஓட்டிக்கொண்டு வந்து இந்த ஊரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. இப்போது நான் சாய்ந்திருக்கும் மதிலில் எவனோ ஒருவன் கிழக்கே புழுதி தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்திருப்பான்.

"தாத்தா, பீரங்கி எங்க கீது?"

எட்டு வயசுப் பையன். அவனுக்குப் பின்னால் வெள்ளைக் கைலி, முழுக்கைச் சட்டை, வலைத்தொப்பியோடு ஒரு பெரியவர் முட்டியில் கையை ஊன்றி ஊன்றி வருகிறார்.

"இங்க கெடயாதுடா. கீழ கோட்டையில கீது."

"அப்ப இங்க இன்னாத்துக்கு வந்தோம்?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. பையனுடைய ஷூ நாடா அவிழ்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். கல்லில் உட்கார்ந்து, அவன் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு முடிச்சுப் போடுகிறார். போட்டு முடித்தபிறகும் காலை விடவில்லை. கட்டைவிரலால் ஷூவின் மேற்புறத்தை அழுத்துகிறார். எடுக்கிறார். மறுபடி அழுத்தி, சுருக்கம் எப்படி விழுகிறது, எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று பார்க்கிறார். அந்தக் கட்டைவிரல் நகம் தடித்து, ஓரத்தில் பழுப்பேறி, எத்தனை கழுவினாலும் போகாத நிறத்தில் இருக்கிறது. பிறகு குனிந்து மோந்து பார்க்கிறார். பையனுக்குக் கூச்சம். சுற்றுமுற்றும் பார்க்கிறான்.

"ரெக்ஸினு," என்கிறார் பெரியவர், ஏதோ கெட்ட சேதி கேட்டவர் மாதிரி. "எவ்ளோ குடுத்தா ஒங்கம்மா?"

"தெரியாது."

"ஆம்பூர்ல நம்ம ஷாப்புல இதத் தூக்கி ரோட்ல போட்டா நாய்கூட கவ்வாது."

ஆம்பூர் இங்கிருந்து மேற்கே ஐம்பது கிலோமீட்டர். பாலாற்றின் வழியாகவே கண்ணை ஓட்டினால், மலைகளுக்கு நடுவே நிலம் ஒடுங்கிக்கொண்டே போகும் திசை. மைசூர்ப் பீடபூமியிலிருந்து ஆற்காட்டுச் சமவெளிக்கு இறங்கும் வழிகளில் அது முக்கியமானது. அதனால்தான் அங்கேயும் குன்றின்மேல் ஒரு துருக்கம். 1749 ஆகஸ்டு 3-ஆம் தேதி ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான், சந்தா சாகிபையும் முசாபர் ஜங்கையும் பிரெஞ்சுப் படையையும் ஆம்பூரில் எதிர்த்து நின்று உயிரை விட்டார். அவருடைய மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடினார். பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் தென்னாட்டில் மோதிக்கொண்ட பெருங்கதைக்கு அந்த ஒரு நாள் வழிதிறந்துவிட்டது. 1767 கடைசியில் ஹைதர் ஆம்பூர்ப் பாறையைச் சுற்றி வளைத்தபோது, கேப்டன் கால்வெர்ட்டின் ஆட்கள் ஏறத்தாழ நான்கு வாரம் தாக்குப்பிடித்தார்கள். காத்து நின்ற மெட்ராஸ் சிப்பாய்ப் பட்டாளம் பிற்பாடு அந்தப் பாறையையே தன் கொடியில் சின்னமாக ஏந்தியது. ஆம்பூர் என்றதும் பிரியாணியை மட்டும் நினைக்கிறவர்கள் ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாக மேலேயும் ஒருதரம் பார்க்கலாம்.

எல்லை என்றால் அப்போது அதுதான். அந்தப் பக்கம் மைசூர், இந்தப் பக்கம் ஆற்காடு. நடுவில் வாசற்படியாக ஆம்பூர், வாசற்படியைத் தாண்டி வந்தவனைத் தடுக்க வேலூர். 1792-இல் மைசூரின் திப்பு சுல்தான் பாரமகால் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்ததும் எல்லை மேற்கே நகர்ந்துவிட்டது. 1799-இல் திப்புவும் வீழ்ந்தபின் எல்லையே இல்லாமல் போயிற்று. எல்லை போன கோட்டையை என்ன செய்வது? சிறையாக்கினார்கள். திப்புவின் பிள்ளைகளும் குடும்பமும் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுக்குப் பிறகு, கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1816-இல் வந்து, 1832-இல் சாகும்வரை இங்கேயே கிடந்தான். பாலாற்றங்கரையில் அவனுக்கு ஒரு முத்து மண்டபம் இருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவனைத் தடுக்கக் கட்டிய மதில், உள்ளே இருப்பவனை விடாமல் பிடிக்கவும் அதே அளவுக்குப் பயன்படும் என்பது கட்டியவர்கள் யோசித்த விஷயமாக இருக்காது.

பெரியவர் எழுந்துவிட்டார். தடத்தோரம் இடுப்பளவுக்கு ஆவாரஞ்செடி, பொங்கல் பருவத்துப் பூவோடு மஞ்சளாக நிற்கிறது. ஒரு குச்சியை ஒடித்து, அதே கட்டைவிரல் நகத்தால் பட்டையை ஒரே இழுப்பில் உரிக்கிறார். கொஞ்சம் வாயில் போட்டு மென்று, துப்பிவிட்டு, மீதியைப் பேரனிடம் நீட்டுகிறார்.

"கடிச்சிப் பாரு."

பையன் கடித்துவிட்டு முகத்தை அஷ்டகோணலாக்குகிறான்.

"தொவர்க்குதா? அதாண்டா மருந்து. அந்தக் காலத்துல தோலு அழுவாம இருக்கறதுக்கு இதத்தான் போடுவாங்க."

"தோலு அழுவுமா தாத்தா?"

பெரியவர் சிரிக்க ஆரம்பித்து இருமலில் போய் முடிக்கிறார். எதற்குச் சிரிப்பு என்று தெரியாமல் பையனும் சிரிக்கிறான்.

அந்தத் துவர்ப்புதான் இந்த வட்டாரத்துக்குச் சோறு போட்டது. உப்புத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் போட்டு, மயிர் நீக்கி, சவ்வு சுரண்டி, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் கிடத்தி, கடுக்காயில் முடிப்பார்கள். பட்டை இந்த மாதிரிக் கரடுகளில் கிடைத்தது, தண்ணீர் பாலாற்று மணலைத் தோண்டினால் கிடைத்தது. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் வந்து, பிறகு இந்த ஆற்றோரமாகவே மேற்கே போனது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தொழில் வேர்பிடித்தது. இங்கே பட்டையில் பதப்பட்ட தோல் லண்டன் சந்தையில் விலைபோனது. 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தபின், குரோமியமும் சுழலும் மர டிரம்மும் வந்தன. வாரக்கணக்கு வேலை ஓரிரு நாளில் முடிந்தது. முடியாமல் நின்றது கழிவு. குடிதண்ணீர்க் கிணறுகள் உப்பாயின. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை இன்று நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள்: கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்றுக்காக அதையே மீண்டும் சொல்ல வேண்டிவந்தது. தீர்ப்பு ஊருக்குப் பெருமை. ஆறு அப்படியே கிடப்பது நமக்கு வெட்கம்.

மதிலின் திருப்பத்தில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறக்கிறாள்: எலுமிச்சை சாதம். பேச்சில் 'லைனு', 'டார்கெட்டு', 'சூப்பர்வைசர்' என்று விழுவதிலிருந்து ஷூ கம்பெனிப் பெண்கள் என்று தெரிகிறது. வாரத்தில் ஆறு நாள் விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறவர்கள் ஏழாம் நாளும் விடிவதற்குள் எழுந்து மலையேறி வந்திருக்கிறார்கள். பழக்கம் விடாது போலிருக்கிறது. நடுவில் இருப்பவள் வலது தோளைத் தானே பிசைந்துகொள்கிறாள்.

"நாளிக்கு மிசினு மாத்திக் குடுக்கலன்னா நான் வரமாட்டேன்டி."

"இதயேதான் போன ஞாயித்துக்கெழமையும் சொன்ன."

மூவரும் கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுக்கிறார்கள். எடுத்த படத்தில் கோட்டை தெரியவில்லை என்று ஒருத்தி குறைப்படுகிறாள். எழுந்து, இடம் மாறி, மறுபடி எடுக்கிறார்கள். இந்தமுறை தெரிகிறது.

அவர்கள் தோளுக்கு மேல் தெரியும் அந்த மைதானத்தில்தான், 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் துப்பாக்கிகள் வெடித்தன. 1805 நவம்பரில் வந்த உத்தரவு கம்பெனியின் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை கொடுத்தது. நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்றது. தலைப்பாகையின் முகப்பில் தோலால் செய்த சின்னம். மாட்டுத் தோலோ பன்றித் தோலோ என்ற சந்தேகமே போதுமாக இருந்தது. கிளர்ந்தெழுந்த சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்து மைசூர்க் கொடியை ஏற்றினார்கள். வெளிவாசலை மட்டும் சரியாகக் காக்கவில்லை. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தபோது காலை இன்னும் ஏறவில்லை. கயிறு பிடித்து மதிலில் ஏறினார், பின்னாலேயே வந்த பீரங்கி உள்வாசல் கதவைப் பிளந்தது. அதன்பிறகு நடந்தது போர் அல்ல, வேட்டை. செத்த சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில். திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் பதவியிழந்து லண்டனுக்குத் திரும்பினார்கள்.

கோட்டைக்குள்ளிருந்து கிழக்கே பார்ப்பவனுக்கு இந்த மலைதான் மறைப்பு. ஆற்காட்டுச் சாலையில் எழும் புழுதி மலைமேல் இருப்பவனுக்கு முதலில் தெரியும். சிவாஜிக்கும் ஹைதருக்கும் தெரிந்த இந்தச் சங்கதியை, அன்று காலை வெற்றிக் களிப்பில் இருந்தவர்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. நினைத்திருந்தாலும் முடிவு மாறியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். வெளிவாசல் கதவையாவது சாத்தியிருப்பார்கள்.

தோல் தலையில் ஏறியதற்காக உயிரை விட்டவர்களுடைய மண்ணிலேயே, இன்று தோலைத் தொடாத குடும்பம் அபூர்வம். பெரியவரிடம் இதைச் சொன்னால் என்ன சொல்வாரோ. சொல்லவில்லை. அவர் பேரனுக்கு விரலை நீட்டிக் கீழே எதையோ காட்டிக்கொண்டிருக்கிறார்.

"அதோ கோபுரம் தெர்து பாரு. அதுக்குள்ளாற ரொம்ப நாளு சாமியே இல்ல."

"எங்க போச்சி?"

"யாரு கண்டா. அப்புறம் வந்துருச்சி."

வேலூரைப் பற்றி வேலூர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கும் கேலி ஒன்று உண்டு. தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, சாமியில்லாத கோயில், ராஜாவில்லாத கோட்டை என்று போகும். மீதி சபையில் சொல்லத்தக்கதல்ல. அதில் சாமியில்லாத கோயில் 1981-இல் பொய்யாயிற்று. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை ஊர் மக்கள் கொண்டுவந்து வைத்தார்கள். தண்ணீரில்லாத ஆறு 2021 நவம்பரில் பொய்யாயிற்று. கரையோரத் தெருக்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ராஜாவில்லாத கோட்டை என்பது எந்தக் காலத்திலும் அவ்வளவு சரியில்லை. சிறையில் கிடந்தாலும் ராஜா ராஜாதான். மரமில்லாத மலை மட்டும் பழுதில்லாமல் நிற்கிறது. வேம்பும் அத்தியும் பாறை இடுக்கில் ஒன்றிரண்டு, மீதி முள்ளும் ஆவாரையும்.

எட்டரைக்கெல்லாம் பாறை சுட ஆரம்பித்துவிட்டது. மறுசரிவில் தடம் செங்குத்து. பையன்கள் உட்கார்ந்தபடியே சறுக்குகிறார்கள். ஷூ கம்பெனிப் பெண்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சரசரவென்று இறங்குகிறார்கள். பெரியவர் பக்கவாட்டில் அடி வைத்து இறங்குகிறார், பேரன் தோள்மேல் கை. இப்போது ஷூவைப் பற்றிப் பேச்சில்லை. ஆட்டுக்காரப் பெண்மணியின் சாக்கு பாதிக்குமேல் நிறைந்து, நடக்கும்போதெல்லாம் கலகலக்கிறது. வீட்டு வரிசை தொடங்கும் இடத்தில் அதை ஒரு மூலையில் இறக்கி வைக்கிறார். அங்கே அதேபோல் இன்னும் இரண்டு சாக்குகள் கட்டிவைக்கப்பட்டிருக்கின்றன. குடங்களில் தண்ணீர் நிறைந்துவிட்டது. தூக்கிப்போக ஆட்களும் வந்துவிட்டார்கள்.

வேலூருக்கு வருகிறவர்கள் கோட்டைக்குள் போய், கல்யாண மண்டபத்துச் சிற்பத்தைப் பார்த்து, அருங்காட்சியகத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். அது பாதிக் கோட்டைதான். முதலில் மலைக்குப் போங்கள், பிறகு உள்ளே போங்கள். மார்கழி, தை மாதத்தில், வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுகிற மாதிரிப் போங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். பாட்டிலைத் திரும்பக் கீழே கொண்டுவாருங்கள்.